கப்பலை அளக்கும் இயந்திரமும் தங்கவயலின் மண்மேடுகளும்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் ரயிலில் பயணம் செய்வோரின் கண்களில் கோலார் தங்கவயலின் சாம்பல் நிற மேடுகள் தவறாமல் படும். அவை இயற்கையில் தோன்றிய குன்றுகள் அல்ல. நிலத்தின் அடியிலிருந்து வெட்டி எடுத்த தாதுக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சக்கையே ஆண்டுக்கணக்கில் குவிந்து இவ்வாறு மேடாயிற்று. ஊர் மக்கள் இவற்றைச் சயனைடு மேடுகள் என்றே வழங்குகின்றனர்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கினர். 1887-ல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட சயனைடு முறை, அரைத்த மண்ணில் மிஞ்சி நின்ற நுண்ணிய பொன்னையும் பிரித்தெடுக்க வழி செய்தது. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் வெளிவந்த பொன் 800 டன்னுக்கு மேற்பட்டது. பொன் வெளியூர் சென்றது. அரைத்த மண் ஊரிலேயே தங்கிவிட்டது.

அந்த மண்ணின்மீது இப்போது மீண்டும் கவனம் திரும்பியுள்ளது. 13 மேடுகள் அமைந்த சுமார் 1,003 ஏக்கர் நிலத்தில் சக்கை மண்ணை எடுத்துப் பயன்படுத்துவதற்கான மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இசைவு அளித்தது. அங்கே குவிந்து கிடக்கும் மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பொருளின் விலை பேசப்படும்போது அதன் அளவும் பேசப்படுவது இயல்பு. விண்ணிலிருந்து எடுத்த படங்களைக் கணினியிடம் கொடுத்தால் அது மேடுகளை நொடிப்பொழுதில் அளந்து சொல்லிவிடாதா என்ற கேள்வி இன்று பலர் உள்ளத்தில் எழக்கூடும். கடலில் செல்லும் கப்பல்களைக் கணினி அவ்வாறே அளந்துவருவது இந்த நம்பிக்கைக்கு வலுவூட்டுகிறது.

இந்த நம்பிக்கை முற்றிலும் பிழையானது அன்று. ஆயினும், கப்பலை அளப்பதில் இயந்திரம் வெற்றி பெற்றது எதனால் என்பதை உணராமல் அதே முறையை மண்மேட்டுக்குக் கொண்டுவருவது ஆபத்தானது. இதை வெளிக்களத்தில் பணிபுரியும் ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

கப்பலை அளப்பது எவ்வாறு?

இயந்திரக் கற்றல் என்ற பெயர் புதிதாயினும் அதன் அடிப்படை எளிது. கப்பல் என்பது இன்ன வடிவம் உடையது, இன்ன நிறம் உடையது என்று கணினிக்கு யாரும் இலக்கணம் சொல்லிக்கொடுப்பதில்லை. விடை குறிக்கப்பட்ட படங்களை ஆயிரக்கணக்கில் அதற்குக் காட்டுகின்றனர். ஒவ்வொரு படத்துக்கும் கணினி ஒரு விடை கூறுகிறது. அந்த விடை சரியான விடையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, தன்னுள் இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. இவ்வாறு பலமுறை செய்தபின், முன்பு கண்டிராத படத்திலும் கப்பலை அடையாளம் காணும் திறன் அதற்கு வாய்க்கிறது.

இதற்கான படத் தொகுப்புகளை மனிதரே உழைத்து உருவாக்கினர். 2018-ல் வெளியிடப்பட்ட ‘டோட்டா’ என்னும் தொகுப்பில் 2,806 ஆகாயப் படங்கள் இருந்தன. அவற்றில் 1,88,282 பொருள்கள் 15 வகைகளாகக் குறிக்கப்பட்டிருந்தன. கப்பல் அவற்றுள் ஒரு வகை. ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் அது கிடக்கும் சாய்வுக்கு ஏற்பச் சட்டம் வரையப்பட்டது. சாய்வு எதற்காக என்று கேட்கலாம். 200 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள கப்பல் படத்தில் 45 பாகை சாய்ந்து கிடப்பதாகக் கொள்வோம். அதைச் சுற்றி நேர்ச்சட்டம் வரைந்தால் அது பக்கத்துக்கு 163 மீட்டர் உள்ள சதுரமாக அமையும். அந்த எண் கப்பலின் நீளமும் அன்று, அகலமும் அன்று. கப்பலோடு சேர்ந்து சாயும் சட்டமே உண்மையான நீள அகலங்களைத் தரும்.

அடுத்து வருவது படத்தின் நுணுக்கம். 2015-ல் முதன்முதலாக ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-2 வகைத் துணைக்கோள்களின் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டரைக் குறிக்கும். 200 மீட்டர் கப்பல் அதில் 20 புள்ளிகளே. முனைக்கு ஒரு புள்ளி தவறினால் 20 மீட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு, பிழையாகிவிடும். 2019 நவம்பர் மாதத்தில் இந்தியா ஏவிய கார்ட்டோசாட்-3 துணைக்கோள் 25 சென்டிமீட்டர் நுணுக்கத்துடன் படம் எடுக்க வல்லது. அதில் அதே தவறு அரை மீட்டரோடு நின்றுவிடும்.

நுணுக்கம் மிகுந்த படத்திலும் இடர்ப்பாடுகள் உண்டு. ஓடும் கப்பலின் பின்னால் விரியும் வெண்ணுரையைக் கப்பலின் உடலாகவே கணினி எண்ணிவிடக்கூடும். மீன்பிடித் துறைமுகத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்ட விசைப்படகுகள் ஒரே பெரிய கலமாகத் தோன்றலாம். கப்பலின் நிழலும், சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் ஒருபுறம் சரிந்து தோன்றும் மேல்தளமும் அளவைக் கெடுக்கும். விரிந்த கடலில் தெளிவாக விடை சொல்லும் இயந்திரம் துறைமுகத்துக்குள் வந்ததும் தடுமாறுவது இக்காரணங்களால்தான்.

இத்தனை இடர்ப்பாடுகள் இருந்தும் பெரும் பயன் விளைந்துள்ளது. 2017 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட துணைக்கோள் படங்களை இம்முறையில் ஆராய்ந்து 2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. உலகின் தொழில்முறை மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, பொதுவில் பார்க்கக்கூடிய கண்காணிப்பு முறைகளில் இடம்பெறவில்லை என்று அது தெரிவித்தது. அவ்வாறு மறைந்து நின்றவற்றில் பெரும் பகுதி ஆப்பிரிக்காவையும் தெற்காசியாவையும் அடுத்த கடல்களில் காணப்பட்டது. மனிதக் கண்களால் மட்டுமே தேடியிருந்தால் இந்த உண்மை இவ்வளவு விரைவில் வெளிப்பட்டிராது.

கப்பல் தன் அளவைத் தானே சொல்கிறது

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு முக்கியமான வசதி மறைந்திருக்கிறது. சர்வதேசப் பயணம் செய்யும் 300 மொத்த டன்னுக்குக் குறையாத கப்பல்கள் யாவும் தானியங்கி அடையாளக் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது கடற்பயணப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. அக்கருவி கப்பலின் பெயரையும் இருப்பிடத்தையும் மட்டும் ஒலிபரப்புவதில்லை. கப்பலில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து முன்முனை, பின்முனை, இடப்பக்கம், வலப்பக்கம் ஆகியவை எவ்வளவு தொலைவில் உள்ளன என்ற நான்கு எண்களையும் அனுப்புகிறது. முதல் இரண்டையும் கூட்டினால் நீளம். மற்ற இரண்டையும் கூட்டினால் அகலம்.

ஆகவே, படத்தில் இருக்கும் கப்பல் இன்னது என்று தெரிந்தால் அதன் சரியான அளவும் தெரிந்துவிடும். கணினி 190 மீட்டர் என்று சொன்ன கப்பல் உண்மையில் 200 மீட்டர் என்பதைச் சரிபார்க்கலாம். இவ்வாறு ஆயிரக்கணக்கான கப்பல்களைச் சரிபார்த்து, இயந்திரம் எந்த வகைக் கப்பலில் எவ்வளவு பிழை செய்கிறது என்பதைக் கணக்கிடலாம். கருவியில் மாலுமிகள் தவறான எண்ணைப் பதிந்திருந்தாலும், கப்பலின் பதிவேட்டையும் கட்டுமான விவரத்தையும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சுருங்கச் சொன்னால், கப்பல் கட்டும் தளத்தில் யாரோ ஒருவர் நாடாவைப் பிடித்து அளந்த அளவே, வானிலிருந்து அளக்கும் இயந்திரத்துக்கு ஆசானாக நிற்கிறது.

தங்கவயலின் மேட்டுக்கு அத்தகைய பதிவேடு இல்லை. அது தன் உயரத்தை ஒலிபரப்புவதுமில்லை. அடிப்படையான வேறுபாடு இதுவே.

மேடு கப்பல் அன்று

கப்பலுக்கு நீளமும் அகலமும் கண்டால் பெரும்பாலும் போதும். மேட்டுக்குக் கன அளவு வேண்டும். அதற்குப் பரப்பு தெரிய வேண்டும். மேற்பரப்பின் உயரம் தெரிய வேண்டும். மேட்டின் அடியில் புதைந்து கிடக்கும் பழைய தரை எவ்வாறு இருந்தது என்பதும் தெரிய வேண்டும்.

பரப்பைக் காண்பதில் முதல் சிக்கல் எல்லை. கடல்நீரும் கப்பலும் வேறு வேறு என்பது படத்தில் வெளிப்படை. சாம்பல் நிற மேடு எங்கே முடிகிறது, அதிலிருந்து மழையில் கரைந்து ஓடிப் பரவிய மண் எங்கே தொடங்குகிறது என்பது அவ்வளவு வெளிப்படையன்று. செடி கொடி முளைத்த சரிவைக் கணினி மேடாகக் கொள்ளாமல் விடலாம். அருகிலுள்ள தரிசு நிலத்தையோ கல்லுடைத்த இடத்தையோ மேடு என்று சேர்த்துக்கொள்ளலாம். வேறு நாட்டின் வெற்று மண்மேடுகளைப் பார்த்துப் பயின்ற இயந்திரமானால் இத்தவறு மிகும். கற்றுக்கொண்ட பாடத்துக்கு அப்பால் அதற்கு அறிவு இல்லை.

உயரத்தைக் காண ஒரே இடத்தை இரு கோணங்களிலிருந்து எடுத்த படங்கள் வேண்டும். 2005-ல் இந்தியா ஏவிய கார்ட்டோசாட்-1 துணைக்கோளில் இதற்காகவே முன்நோக்கியும் பின்நோக்கியும் பார்க்கும் இரண்டு காமிராக்கள் இருந்தன. மனிதனின் இரு கண்களும் சேர்ந்து தொலைவை உணர்வது போன்ற முறை இது. ஆயினும் புதர் மண்டிய இடத்தில் கிடைக்கும் உயரம் புதரின் உச்சியே. மண்ணின் மேற்பரப்பு அன்று.

பழைய தரையைப் பற்றியோ எந்தப் படமும் பேசாது. மேட்டின் ஓரங்களை இணைத்து ஒரு சமதளத்தைக் கற்பனை செய்துகொண்டு கணக்கிடுவது வழக்கம. உண்மையில் அடியில் பள்ளம் இருந்திருந்தால் மண் அதிகம். பாறைத் திட்டு இருந்திருந்தால் மண் குறைவு. துளையிட்டுப் பார்த்தோ, மேடு எழுவதற்கு முன் வரைந்த படங்களைத் தேடியோதான் இதை அறிய இயலும்.

ஒரு மீட்டர் பிழையின் விலை

இப்பிழைகள் அற்பமானவை என்று சிலர் எண்ணலாம். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1,003 ஏக்கர் என்பது சுமார் 406 ஹெக்டேர், அதாவது 40.6 லட்சம் சதுர மீட்டர். இப்பரப்பு முழுவதிலும் உயரமோ அடித்தளமோ சராசரியாக ஒரே ஒரு மீட்டர் தவறினால் 40.6 லட்சம் கன மீட்டர் மண் கணக்கில் கூடும் அல்லது குறையும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் எடை என்று உதாரணத்துக்குக் கொண்டால் பிழை 60 லட்சம் டன் ஆகிறது. மூன்று கோடி டன்னில் அது ஐந்தில் ஒரு பங்கு. டன்னுக்கு அரை கிராம் பொன் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பிழைக்குள் மூன்று டன் பொன் அடங்கிவிடும்.

பல பிழைகள் சேர்ந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்ற வாதமும் உண்டு. ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் இருக்கும் பிழைகளுக்கு அது பொருந்தும். ஆயிரம் கப்பல்களை அளந்து சராசரி காணும்போது அத்தகைய பிழைகள் தேய்ந்து மறையும். ஆனால் மேடுகள் பதின்மூன்றே. மேலும், புதரின் உச்சியை மண் என்று எண்ணும் பிழை எல்லா மேட்டிலும் ஒரே திசையில் நிகழும். ஒரே பக்கம் சாய்ந்த தராசில் நூறு முறை நிறுத்தாலும் எடை சரியாவதில்லை.

“மாற்றம் இல்லை” என்னும் விடை

பொன்னின் கணக்கு தவறினால் நஷ்டம் பணத்தோடு நிற்கும். மேடுகளைச் சுற்றி வாழும் மக்களுக்கு வேறொரு கணக்கு இதனினும் முக்கியமானது. காற்று வீசும் மாதங்களில் மேட்டிலிருந்து எழும் நுண்தூசி வீடுகளுக்குள் புகுகிறது. மழைக்காலத்தில் சரிவுகளில் ஓடைகள் வெட்டி, மண் தாழ்ந்த நிலங்களை நோக்கி இறங்குகிறது. அரைபட்ட படிகக் கல்லின் தூசி மூச்சுப்பைக்குக் கேடு விளைப்பது என்பதைச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் எவ்வளவு மண் மேட்டைவிட்டு வெளியேறுகிறது என்பதே அவர்களின் கேள்வி.

இக்கேள்வியை இயந்திரத்திடம் விட்டால் நிகழக்கூடியது என்ன? இரண்டு ஆண்டுகளின் படங்களை அது அளக்கும். ஒவ்வோர் அளவிலும் அரை மீட்டர் ஐயம் இருந்தால், இரண்டின் வேறுபாட்டில் சுமார் 70 சென்டிமீட்டர் ஐயம் இருக்கும். சரிவிலிருந்து ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் மண் அரித்துச் சென்றாலும் அந்த ஐயத்துக்குள் மறைந்துவிடும். இயந்திரம் மாற்றம் தென்படவில்லை என்று எழுதும். அதைப் படிக்கும் அதிகாரி மாற்றம் இல்லை என்று எழுதுவார். வாசலில் நாள்தோறும் தூசியைப் பெருக்குபவளின் முறையீட்டுக்கு அதுவே விடையாக அமைந்துவிடும்.

தென்படாமை வேறு, இல்லாமை வேறு. கருவியின் கூர்மைக்கு உட்படாத ஒன்றை இல்லையென்று சொல்வது விஞ்ஞானமாகாது. இயந்திர அளவையில் மிகப் பெரிய தீங்கு இவ்விடத்திலேயே ஒளிந்திருக்கிறது. தவறான பெரிய எண்ணை யாராவது ஒருவர் சந்தேகிப்பார். சுழி என்னும் விடையை யாரும் சந்தேகிப்பதில்லை.

முன்னோர் காட்டிய வழி

இதற்கு மாற்று புதிதாகத் தேட வேண்டியதன்று. 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னையை அடுத்த பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். அந்த ஒரு கோட்டை ஆதாரமாகக் கொண்டு, கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணம் முக்கோணமாக மேற்கு நோக்கிச் செல்ல முடிந்தது. கணக்கு சரியாகவே வரும் என்று அவர் நம்பி அமைந்துவிடவில்லை. 1804-ல் பெங்களூருக்கு அருகே இரண்டாவது அடிக்கோட்டைத் தரையில் அளந்து, சென்னையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் மிக நெருங்கி நின்றன. ஒப்பிட்டுப் பார்த்ததனாலேயே அவருடைய அளவைக்கு உலகில் மதிப்பு ஏற்பட்டது.

இக்காலத்திலும் நல்ல உதாரணம் உண்டு. 2020-ல் தொடங்கப்பட்ட ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்பு மனைகளை இந்திய நில அளவைத் துறை ட்ரோன் மூலம் படம் எடுக்கிறது. ட்ரோன் பறப்பதற்கு முன் மனைகளின் எல்லைகளில் சுண்ணாம்புக் கோடு இடுகின்றனர். படம் தயாரான பின் அதைக் களத்தில் சரிபார்க்கின்றனர். வானத்தில் பறக்கும் கருவிக்குத் தரையில் இட்ட சுண்ணாம்பு வழிகாட்டுகிறது. கோலார் தங்கவயலுக்கு வேண்டுவதும் அத்தகைய சுண்ணாம்புக் கோடே.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 13 மேடுகளில் இரண்டு அல்லது மூன்றையேனும் நில அளவையாளர்கள் தரையில் முழுமையாக அளத்தல் வேண்டும். அந்த அளவை இயந்திரத்துக்கு முன்கூட்டிக் காட்டாமல் வைத்திருந்து, அது விடை சொன்ன பிறகே ஒப்பிட வேண்டும். தேர்வுத்தாளை முன்னதாகவே மாணவனிடம் கொடுத்துவிட்டு மதிப்பெண் இடுவதில் பொருளில்லை.

இரண்டாவதாக, சரிவுகளில் இரும்பு முளைகளை நட்டு, மண்ணுக்கு மேல் நீண்டிருக்கும் பகுதியை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து குறித்தல் வேண்டும். சில மில்லிமீட்டர் அரிப்பையும் இந்த எளிய முறை காட்டிவிடும். எந்தத் துணைக்கோளும் அவ்வளவு நுட்பமாகக் காட்டாது. மண் வந்து சேரும் தாழ்வான இடங்களிலும் இவ்வாறே முளை நடலாம்.

மூன்றாவதாக, வெளியிடப்படும் ஒவ்வோர் எண்ணுடனும் அதன் ஐயத்தின் அளவும் அச்சாக வேண்டும். ஐயம் குறிக்கப்படாத எண்ணை ஏற்க ஊழியர்கள் மறுக்கலாம். மறுப்பது அவர்களின் கடமையுமாகும்.

ஆட்சேபங்கள்

தரையில் அளப்பது செலவும் காலமும் பிடிக்கும். இயந்திரத்தின் பயனே அவற்றை மிச்சப்படுத்துவதன்றோ என்று கேட்கப்படலாம். இரண்டு மூன்று மேடுகளை அளந்து இயந்திரத்தைச் சோதித்துவிட்டால், மற்றவற்றை ஆண்டுதோறும் அதனிடமே ஒப்படைக்கலாம். செலவு ஒருமுறை, பயன் பலமுறை. சோதிக்காமல் ஒப்படைத்தால் மிச்சமாவது செலவு அன்று, பொறுப்பே.

இயந்திரங்கள் நாளுக்கு நாள் திருந்திவருவதால் இன்றைய குறை நாளை இராது என்பது மற்றொரு வாதம். அது உண்மையாகலாம். ஆயினும் திருந்திவிட்டதா என்பதை அறிவதற்கும் தரை அளவே வேண்டும். எத்தனை கூர்மையான கருவி வந்தாலும் இத்தேவை ஒழிவதில்லை.

கைக்கருவியால் அளப்போரும் பிழை செய்வர் என்பதும் மெய்யே. அதனாலேயே இரு முறைகளும் வேண்டும். இருவர் தனித்தனியே அளந்து ஒத்துவந்தால் நம்பிக்கை பிறக்கும். ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை உண்டு என்ற எச்சரிக்கையாவது கிட்டும்.

பள்ளிகளின் பங்கு

தங்கவயலிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள பள்ளிகளுக்கு இதில் சிறந்த பாடம் அமைந்திருக்கிறது. மேட்டின்மீது ஏறுவதும் அதன் மண்ணில் விளையாடுவதும் மாணவருக்கு ஆகாதவை. ஏறாமலேயே உயரத்தை அளக்கலாம். பாகைமானியில் நூலையும் கல்லையும் கட்டினால் கோணமானி தயாராகிவிடும். மேட்டின் எதிரே சமதரையில் ஓரிடத்தில் நின்று உச்சியின் கோணத்தைக் குறிக்க வேண்டும். அது 30 பாகை என்போம். நேர் பின்னே 20 மீட்டர் நகர்ந்து மறுபடி பார்த்தால் 20 பாகை. கண்ணின் மட்டத்துக்கு மேல் உச்சி 19.7 மீட்டர் என்பதை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரின் துணையோடு அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடலாம். கண்ணின் உயரத்தைக் கூட்டினால் மேட்டின் உயரம் கிடைக்கும்.

பாடம் அத்துடன் முடிவதில்லை. பின்னே நின்று பார்த்த கோணத்தை 20-க்குப் பதில் 19 என்று குறித்துவிட்டால் விடை 17 மீட்டராக இறங்கிவிடும். ஒரு பாகைத் தவறு இரண்டரை மீட்டருக்கு மேல் விழுங்கிவிடுகிறது! இவ்வளவு பெரிய ஐயமுள்ள அளவைக் கொண்டு மேட்டின் கன அளவைத் தீர்மானிக்க இயலாது. அதற்கு நில அளவையாளரே வேண்டும். ஆனால் 20 மீட்டர் மேட்டை 30 மீட்டர் என்று சொல்லும் இயந்திரத்தை இந்தப் பாகைமானியே பிடித்துவிடும். எல்லாவற்றிலும் மேலாக, ஓர் எண்ணைக் கண்டதும் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு தவறக்கூடும் என்று கேட்கும் பழக்கம் மாணவர் உள்ளத்தில் பதியும். வருங்காலத்தில் இயந்திரங்கள் சொல்லும் எண்களிடையே வாழப்போகும் தலைமுறைக்கு இதனினும் பயனுள்ள பாடம் வேறில்லை.

இந்நகருக்கு நுட்பமான அளவை புதிதன்று. 1965-ல் இங்கே பூமிக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் அடையாளத்தை இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் கண்டனர். மற்றத் துகள்களின் ஆரவாரத்தைப் பாறையால் தடுத்து, எஞ்சிய ஐயத்தையும் கணக்கில் கொண்ட பிறகே அவர்கள் முடிவு கூறினர். அத்தகைய அளவை நிகழ்ந்த ஊரில், கண்ணெதிரே நிற்கும் மண்மேடு அரைகுறையாக அளக்கப்படுவது பொருந்தாது.

கப்பலை அளக்கும் இயந்திரம் தங்கவயலுக்கும் வரட்டும். அது வரும்போது, அதன் விடையைச் சோதிக்கும் அளவுகோல் தரையில் ஏற்கெனவே நடப்பட்டிருக்க வேண்டும். அந்த முளையை நட்டு, மழைக்கு முன்னும் பின்னும் அதை அளந்து, எண்ணை ஏட்டில் பதியும் பணி வெளிக்கள ஊழியருடையது. அந்த எண்ணின் பொருளை ஊராருக்கு விளக்கும் பணி ஆசிரியருடையது.